வெள்ளிக்கிழமை கேட்காத கேள்வி

அந்தக் கேள்வியை முதன்முதலில் நான் கேட்டது என் வீட்டுக்காரரிடம்தான். அவர் வாசல் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பக்கத்தில் போய் நின்று, கண்ணை மூடி, அம்மனை நினைத்துக்கொண்டு ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, உங்களுக்குச் செத்துப் போயிடலாம்னு நெனப்பு ஏதாச்சும் வருதா?"

வாய் நிறைய நுரையோடு திரும்பிப் பார்த்தார்.

"ஏன், இன்னிக்கும் களியா?"

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எங்கள் வீட்டில் விளக்கை அணைக்கிறேன் என்றுகூடச் சொல்ல மாட்டோம், மலையேற்றுகிறேன் என்போம். கிளம்பும்போது போகிறேன் என்றால் என் அம்மா பிடித்து உட்காரவைத்து, போயிட்டு வரேன் என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். அப்படி வளர்ந்த என் வாயிலிருந்து, பொழுது விடியும் நேரத்தில், தாலி கட்டியவரைப் பார்த்து அந்த வார்த்தை வந்தது. சொல்லி முடித்ததும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொண்டேன்.

ஆனாலும் பழகித்தானே ஆக வேண்டும்! அது எனக்கு வீட்டுப்பாடம்.

பாடம் நடத்தியது ஒரு கவுன்சலிங் மேடம். ஆள் கடத்தலில் சிக்கி மீண்டு வந்த பெண்களுக்கு வேலையும் இடமும் துணையும் தேடித்தரும் ஒரு அமைப்பிலிருந்து அவர் எங்கள் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக் குழுவைத் தேடி வந்தார். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஸ்கூட்டரிலேயே வந்திருந்தார். தலையெல்லாம் புழுதி. சாமி கும்பிடுகிறவர்கள் என்றால் மனசு இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மாடியில் என் மகள் இருந்த அறை அவள் கல்யாணத்துக்குப் பிறகு காலியாகக் கிடந்தது. நான் கையைத் தூக்கினேன்.

"மீட்டுக் கொண்டாந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க," என்றார் மேடம். "வெளிய வந்த பொறவுதான் தூக்கம் வராது. ஊர்ப் பேச்சு வரும், கேஸ் வரும். அப்பதான் உசுரோட இருக்கிறதே பாரமாத் தெரியும். அந்த நேரத்துல பக்கத்துல ஒரு ஆள் வேணும்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை பாடம். பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு எழுதியதில்லை. புத்தி சொல்லக் கூடாது. 'உனக்கென்ன குறை' என்று கேட்கக் கூடாது. சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் இல்லாத நினைப்பு புதிதாக வந்துவிடாது, கேட்டால் பாரம்தான் இறங்கும். ஆமாம் என்று பதில் வந்தால் தனியாக விடக் கூடாது, மேடத்துக்கோ இரவும் பகலும் எடுக்கும் உதவி எண்ணுக்கோ உடனே போன் செய்ய வேண்டும்.

நான் கையைத் தூக்கினேன். "மேடம், அந்த வார்த்தையச் சொல்லாம வேற மாதிரி கேக்கலாமா?"

"எப்படிக் கேப்பீங்க?"

"'மனசு சரியா இருக்குதா கண்ணு'ன்னு."

"அதுக்கு யாரா இருந்தாலும் இருக்குதுன்னுதான்கா சொல்வாங்க," என்றார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தாள். இருபத்து மூன்று வயது. பெங்களூரில் நல்ல வேலை என்று சொல்லி, தெரிந்தவனே ஒருத்தன் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தில் விற்றுவிட்டான். அதற்குமேல் நான் எழுத மாட்டேன். அது அவளுடையது, சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம். மீண்டு வந்த பிறகு ஒருமுறை தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளப் பார்த்து, ஆஸ்பத்திரியில் பிழைத்தவள். கெலமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் அண்ணன் இருக்கிறார். இருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு மூட்டைச் சோகம் வந்து இறங்கும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். வந்து இறங்கியதோ ஒரு வாயாடி! வண்டிக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பச்சை ஒயர், மஞ்சள் ஒயர் என்று நாள் பூராவும் கட்டிவிட்டு வந்து, சூப்பர்வைசர் நடப்பதுபோல் நடந்து காட்டுவாள். சிரித்தால் விக்கல் வரும். விக்கல் வந்தால் அதற்கும் சிரிப்பாள். என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே ஓடுவார்.

மேடம் அவளை உட்காரவைத்து ஒரு தாள் எழுத வைத்தார். கெட்ட நேரம் வருகிறது என்பதற்கு அவளுடைய அடையாளங்கள்: பேச்சு நின்றுபோகும், தலை சீவ மாட்டேன். அப்போது அவளே செய்துகொள்ளக்கூடியது: மாடியில் நடப்பது, துணி துவைப்பது. கூப்பிட வேண்டியவர்கள்: முதலில் அக்கா. அக்கா என்றால் நான். அந்தத் தாளைப் பூஜை அறை காலண்டருக்குப் பின்னால் ஒட்டினேன். முதல் பெயர் என்னுடையது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அதைப் பார்ப்பதற்காகவே காலண்டரைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன்.

ஆனால் கேள்வி? விளக்கு எரிகிற வீட்டில் எப்படிக் கேட்பது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவளைக் கையைப் பிடித்து வாசல் கேட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போவேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா பார்க்கிறாளா என்று பார்ப்பேன். காதோடு கேட்பேன். "இல்லக்கா" என்பாள். உடனே இரண்டு பேரும் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு, அம்மா தாயே என்று உள்ளே வருவோம்.

"அக்கா, ரோட்டுல கேட்டா சாமிக்குக் கேக்காதா?" என்பாள்.

"கேக்கும். ஆனா நம்ம வீட்டுக் கணக்குல வராது."

இவளுக்கு விக்கல் வந்துவிடும்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை அந்த வார்த்தையை ரோட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று தோன்றியது. பிறகு செவ்வாயும் அம்மனுக்கு உகந்த நாளாயிற்றே என்று பட்டது. அப்புறம் அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம். காலண்டரில் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டே வந்தேன். ஆடி மாதத்தில் கேள்வி கேட்கத் தோதான நாள் தேடினால் ஒரு கை விரலுக்கு மேல் கொஞ்சம்தான் தேறியது.

வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்தார். "எங்க கம்பெனியில யூனியன் வச்சு சண்ட போட்டும் இத்தினி லீவு வாங்க முடியல."

"சும்மா இருங்க. சாமி விசயம்."

அவரும் சும்மா இருந்துவிட்டார். மேடத்திடம் இதை நான் சொல்லவில்லை. எனக்கு அது தப்பாகவே படவில்லை. அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே வீட்டில் கெட்ட வார்த்தை விழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

அந்த ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை, கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அவளை விற்றவன் மேல் நடக்கும் கேஸில் சாட்சி சொல்ல வேண்டும். கொண்டுவந்த போலீஸ்காரர் தன்மையானவர்தான், மோர் குடித்துவிட்டுப் போனார். அவள் கையெழுத்துப் போட்டாள். மாடிக்குப் போனாள். அன்று சூப்பர்வைசர் நடை இல்லை.

செவ்வாய்க்கிழமை. நான் கேட்கவில்லை.

புதன் ஆடி அமாவாசை. அவள் வேலைக்குப் போய்விட்டு வந்து, சாப்பாடு வேண்டாம் என்றாள். இன்றைக்கு எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

வியாழன் அவள் வேலைக்குப் போகவில்லை, தலை வலி என்றாள். தலை சீவவில்லை. எனக்குக் கண்ணில் பட்டது. பூஜை அறைக்குப் போய்க் காலண்டரைத் தூக்கித் தாளைப் பார்த்தேன். பேச்சு நின்றுபோகும், தலை சீவ மாட்டேன். அன்று காலண்டரில் சுழி இல்லை. ஆனால் மறுநாள் ஆடி வெள்ளி, என் வீட்டில் விளக்கு பூஜை, வாசலெல்லாம் கழுவிக் கோலம் போட்டாயிற்று. கழுவின வாசலில் நிறுத்தியா அதைக் கேட்பது? சனிக்கிழமை காலையில் முதல் வேலையாகக் கேட்டுவிடலாம் என்று அம்மன் முன்னால் முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஏழு குத்துவிளக்கு, வரிசையாக, ஹாலில். நான் தலைமை. போற்றி சொல்ல ஆரம்பித்தேன். நாற்பதோ ஐம்பதோ தாண்டியிருக்கும், மாடிப்படியில் நிழல் தெரிந்தது. அவள் பாதிப் படியில் நின்றிருந்தாள். தலைமுடி அப்படியே. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

குங்குமம் எடுத்த கையோடு எழுந்து போனேன்.

"என்ன கண்ணு?"

"அக்கா, இன்னிக்கு என்னைய அந்தக் கேள்வி கேளுங்க."

"வா, வெளிய போலாம்."

"வெளிய வர முடியலக்கா. கால் வரல. இங்கயே கேளுங்க."

பின்னால் ஏழு விளக்கு எரிகிறது. ஆடி வெள்ளி. வாயில் போற்றி இன்னும் இருக்கிறது. குங்குமக் கையைச் சேலையில் துடைத்தேன். பிறகு கேட்டேன். காதோடு இல்லை, சாதாரணமாகப் பேசுகிற குரலில் கேட்டேன்.

"கண்ணு, செத்துப் போயிடணும்னு தோணுதா?"

"ஆமாக்கா," என்றாள். "செவ்வாக்கெழமையில இருந்து."

செவ்வாய்க்கிழமையிலிருந்து! நான் சிவப்புச் சுழி பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் இந்தப் பெண் பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

அப்படியே படியில் உட்கார்ந்தேன். அவளையும் உட்காரவைத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டேன். எப்படியென்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாயா என்ற இரண்டாவது கேள்வியும் பாடத்தில் உண்டு. கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், அன்று அவருக்கு இரண்டாவது ஷிப்டு, வீட்டில்தான் இருந்தார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு மாடிக்குப் போய், அவள் கைக்கு எட்டக் கூடாததை எடுத்து வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய்விட்டார். கம்பெனிக்கு லீவு சொன்னதைக்கூட எனக்குப் பிறகுதான் சொன்னார். நான் மேடத்துக்குப் போன் செய்தேன். "கிளம்பிட்டேன், பக்கத்துலயே இருங்க," என்றார்.

ஹாலில் போற்றி நின்றுபோயிருந்தது. ஆறு பெண்களும் குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். பாதியில் நின்ற பூஜை! என்னைப் பார்த்து, அவளைப் பார்த்து, தெலுங்கு அம்மா என்ன புரிந்துகொண்டாளோ, என் புத்தகத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏமி பாக்கறீங்கோ? சொல்லுங்கோ எல்லாரும். அக்கா அங்க உக்காந்து சொல்லும்," என்று ஆரம்பித்தாள்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிப்பது தத்தித் தத்தித்தான். ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் படித்தாள். ஒரு வரியில் அம்மன் உலகத்தையே காப்பவள் ஆனாள். அடுத்த வரி எங்கே என்று தெரியாமல் மறுபடியும் அதே வரிக்கு வந்து, மறுபடியும் உலகத்தைக் காக்க வைத்தாள். மூன்றாவது முறையும் அதே வரி. பெண்கள் கட்டுப்பாடாக மூன்று முறையும் போற்றி என்றார்கள்.

என் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தவள் மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, அதே வரியில மாட்டிக்கிச்சு."

"நாலாவது தரமும் வரும் பாரு," என்றேன்.

வந்தது. அவளுக்கு விக்கல் வந்தது. எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் மேல்மூச்சு வாங்கியது. ஆடி வெள்ளி பூஜையில், மாடிப்படியில் இரண்டு பைத்தியங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். தெலுங்கு அம்மா கண்ணாடிக்கு மேல் பார்த்து, "ஏய், என்ன சிரிப்பு அங்க? சாமி!" என்று அதட்டினாள். அதற்கும் சிரித்தோம். சிரிப்புக்கு நடுவில் அவள் மறுபடி அழுதாள், மறுபடி சிரித்தாள். நான் கையை விடவே இல்லை.

ஏழு விளக்கும் நின்று எரிந்தன. அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு சுடரும் அசையவில்லை. எத்தனை பேர் அம்மனிடம் வந்து இதைச் சொல்லி அழுதிருப்பார்கள்! நான்தான் அம்மன் காதில் விழக் கூடாது என்று வீட்டுக்கு வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்தேன்.

மேடம் வந்தார். அன்று மதியமே டாக்டரிடம் போனோம். மாத்திரை மாற்றிக் கொடுத்தார். திரும்பி வந்ததும் மேடம் என் காலண்டரைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்த நெனப்பு பஞ்சாங்கம் பாத்து வராது," என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுப் பிரசாதச் சுண்டல் இரண்டு கப் சாப்பிட்டார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. பத்து நாள் அவள் கீழே என் பக்கத்தில்தான் படுத்தாள். என் வீட்டுக்காரர் மாடிக்கு நாடு கடத்தப்பட்டார். நல்ல நாளும் இருந்தது, மோசமான நாளும் இருந்தது. கேள்வியை நான் அடுப்படியில் கேட்டேன், துணி காயப்போடும்போது கேட்டேன், கோயில் வரிசையில்கூட ஒரு தடவை கேட்டேன். சில நாள் "கொஞ்சம் இருக்குதுக்கா" என்பாள். அப்போது சேர்ந்து நடப்போம். நடந்து நடந்து எனக்கு முழங்கால் வலியே போய்விட்டது. மெல்ல மெல்ல வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் சூப்பர்வைசரும் திரும்பி வந்தார், ஹாலுக்குள் கையை ஆட்டிக்கொண்டு.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. நானும் கிருஷ்ணகிரிக்கு வருகிறேன் என்று பட்டுச் சேலையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன்.

"நீங்க வேணாம்க்கா," என்றாள். "நீங்க அழுவீங்க. உங்களப் பாத்து நான் அழுவேன். நம்ம ரெண்டு பேரையும் பாத்து அந்த ஜட்ஜம்மா அழும். அப்பறம் கேஸ யார் பாக்கிறது? மேடம் கூட வராங்க. முடிஞ்சதும் நானே போன் பண்றேன்."

அதே நாள் ராயக்கோட்டையில் என் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. அங்கே போனேன். குழந்தை காதில் ஊசி குத்தும்போது எல்லாரும் குழந்தையைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தேன். சாட்சி சொல்லி முடித்த பிறகும் கவனமாக இருக்க வேண்டும், உள்ளே அடைத்து வைத்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும் என்று மேடம் சொல்லியிருந்தார். பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்றே தெரியாது. மூன்று மணிக்கு ராயக்கோட்டையில் ஓசூர் பஸ் ஏறி உட்கார்ந்தேன். தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஒரு லாரி பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. போன் அடித்தது.

"அக்கா, முடிஞ்சுது!"

"அவன் மூஞ்சியப் பாத்தியா?"

"நடுவுல திரை கட்டியிருந்தாங்க. நான் பேசப் பேச அந்தப் பக்கம் இருமிக்கிட்டே இருந்தான். நான் நிறுத்தலக்கா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

பிறகு பேச்சு நின்றது. வெறும் மூச்சுச் சத்தம். பேச்சு நின்றுபோகும், அவள் எழுதியது. லாரி ஹாரன், பஸ் எஞ்சின், யாரோ போனில் பாட்டு. அன்று வெள்ளிக்கிழமை வேறு. நான் எழுந்து நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"கண்ணு! செத்துப் போகணும்னு தோணுதா உனக்கு?"

பஸ் அமைதியாகிவிட்டது. பாட்டு நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் விசிலை வாயருகே பிடித்தபடி நின்றார். பக்கத்து சீட்டில் இருந்த பூக்காரம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லார் கண்ணும் என் காதில் இருக்கும் போன் மேல்.

"இல்லக்கா," என்றாள் அவள். "மேடம் பிரியாணி வாங்கித் தரேன்றாங்க. இன்னிக்கு வெள்ளிக்கெழம ஆச்சே, சாப்பிட்டுட்டு நம்ம வீட்டுக்குள்ள வரலாமான்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

"இன்னாம்மா சொல்லுச்சு பாப்பா?" என்றார் கண்டக்டர்.

"இல்லையாம்," என்றேன். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். "பிரியாணி திங்கணுமாம்."

"வாங்கிக் குடுங்கம்மா!" என்றாள் பூக்காரம்மா. பின் சீட்டிலிருந்து யாரோ, "லெக் பீஸு வச்சு!" என்றார். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் சிரித்துக்கொண்டே நீளமாக விசில் ஊதினார்.

"சாப்பிடு கண்ணு," என்று நான் போனில் கத்தினேன். "ரெண்டு பிளேட் சாப்பிடு! சாப்பிட்டுட்டு நேரா வீட்டுக்குள்ள வா!"